பார்த்த புத்தகம்... படித்த படம்!

"அதான் படமா வந்துருச்சே... இன்னும் எதுக்குடி இந்தத் தலகாணியைத் தூக்கிட்டு அலையுற?"

நம் கேன்டீன் வாசலில் வைத்து என் வகுப்புத் தோழி கேட்ட கேள்வி இது. என் கையில் இருந்தது 'பொன்னியின் செல்வன்' மூன்றாம் பாகம். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "புக்குன்னா புக்குதான்டி" என்று என்னமோ சொல்லிச் சமாளித்துவிட்டு, மெஷின்ஸ் லேபுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. பஸ்ஸில் கூடவே ஏறி வந்தது. வீட்டுக்கும் வந்தது.

நண்பர்களே, இந்தக் கட்டுரை அவளுக்கு நான் சொல்லும் பதில்தான். கொஞ்சம் தாமதமான பதில். அரியர் எழுதிப் பாஸ் பண்ணுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

முதலில் நம் நூலகத்துக்குப் போவோம். எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல், சிவில் என்று வரிசையாகப் பாடப் புத்தகங்கள். அவற்றைத் தாண்டிக் கடைசி ஜன்னல் ஓரத்தில் ஒற்றை ரேக் ஒன்று இருக்கிறது, 'பொது' என்று எழுதி. நம்மில் பலர் அந்தப் பக்கம் போவது அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும் என்பதற்காகத்தான்! நானும் முதலாமாண்டில் அப்படிப் போனவள்தான். அங்கேதான் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் கிடைத்தன.

புத்தகத்தின் பின்னால் தேதி முத்திரை குத்தும் தாள் ஒட்டியிருப்பார்களே, அதைப் பாருங்கள். முதல் பாகத்தின் தாளில் இடமே இல்லை. 2022 அக்டோபர், நவம்பர் என்று முத்திரைக்கு மேல் முத்திரை. இரண்டாம் பாகத்தில் அதில் பாதி. மூன்றாம் பாகத்தில் நாலைந்து. ஐந்தாம் பாகத்தின் தாள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. அந்தத் தாளே ஒரு கதை சொன்னது. மணிரத்னத்தின் படம் 2022 செப்டம்பர் 30-ஆம் தேதி வந்தது. படம் பார்த்த வேகத்தில் நம் சீனியர்கள் ஓடிவந்து முதல் பாகத்தை எடுத்திருக்கிறார்கள். பாதி வழியில் பலர் இறங்கிவிட்டார்கள். 2023 ஏப்ரலில் இரண்டாம் படமும் வந்து கதையை முடித்துவிட்டது. அப்புறம் எதற்கு ஐந்தாம் பாகம்?

எதற்கு என்றால், மணிமேகலைக்காக! கல்கி 1950-இல் தொடங்கி 1954 வரை தம் பத்திரிகையில் வாராவாரம் எழுதிய கதை அது. ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கங்களில் மணிமேகலை என்ற பெண் நம் நெஞ்சைப் பிழிந்து எடுத்துவிடுவாள். கதை முடிந்தபோது எனக்கு நந்தினியும் நினைவில்லை, குந்தவையும் நினைவில்லை. அந்தப் பெண்தான் நின்றாள். படத்தில் அவள் இல்லவே இல்லை! அதுபோல, மகுடம் யாருக்குப் போகிறது என்பதில் கல்கி வைத்த பெரிய முடிச்சையும் படம் வேறு விதமாக அவிழ்த்துவிட்டது. கதை தெரியும் என்று சொல்லித் திரியும் என் தோழிக்கு உண்மையில் கதை தெரியாது!

இப்படியே எழுதிக்கொண்டு போனால், 'புத்தகம்தான் உசத்தி, சினிமா மட்டம்' என்று நான் தீர்ப்புச் சொல்லப் போகிறேன் என்று நினைப்பீர்கள். போன வருடம் வரை நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு புத்தகம் படித்த திமிர்! அந்தத் திமிர் எப்படி அடங்கியது என்பதையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஐந்து பாகங்களைப் படமாக்க நம் தாத்தா காலத்திலிருந்தே முயன்றிருக்கிறார்கள். 1958-இல் எம்.ஜி.ஆர். படமாக்கப் போவதாக அறிவித்தார். முடியவில்லை. பிற்பாடு அதற்குத் திரைக்கதை எழுத ஓர் இளைஞரை அழைத்துத் தம் வீட்டிலேயே வைத்து எழுதச் சொன்னார். அந்த இளைஞர்தான் பின்னாளில் இயக்குநர் மகேந்திரன். அந்தத் திரைக்கதை படமாகவில்லை. ஆனால் மகேந்திரன் 1978-இல் 'முள்ளும் மலரும்' எடுத்தார். ரஜினி அதில் யார் தெரியுமா? வின்ச் ஆபரேட்டர்! மலைமேல் மின் நிலையத்தில் வின்ச் ஓட்டும் காளி. எலெக்ட்ரிக்கல் மாணவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் என்று இதைத்தான் சொல்வேன். இன்ஜினீயருக்கும் தொழிலாளிக்கும் நடுவே என்ன நடக்கும் என்று எந்த சிலபஸிலும் போடவில்லையே!

அந்தப் படத்துக்கு மூலம் உமாசந்திரன் எழுதிய நாவல். 1966-இல் கல்கி வெள்ளி விழா நாவல் போட்டியில் பரிசு வாங்கியது. மகேந்திரன் அந்த நாவலை வரிக்கு வரி படமாக்கவில்லை. காளியையும் அவன் தங்கையையும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தம் போக்கில் அமைத்துக்கொண்டார். அடுத்த வருடம் 1979-இல் வந்த 'உதிரிப்பூக்க'ளும் அப்படித்தான். அது நம் நெல்லைச் சீமையின் புதுமைப்பித்தன் எழுதிய 'சிற்றன்னை'யிலிருந்து முளைத்த படம். படத்தைப் பார்த்துவிட்டுக் கதையைத் தேடிப் படித்தேன். கதை வேறாக இருந்தது, படம் வேறாக இருந்தது. இரண்டுமே என்னைத் தூங்கவிடவில்லை!

'எழுதியவர் ஒன்று எழுத, எடுப்பவர் வேறொன்று எடுக்கலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஜெயகாந்தனைக் காட்டுகிறேன். 1966-இல் 'அக்னிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். மழையில் நனைந்து நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி, முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். அவள் அம்மா தலையில் தண்ணீரை ஊற்றி, உன்மேல் அழுக்கில்லை என்று சொல்லிவிடுகிறாள். ஊரே கொந்தளித்ததாம். ஜெயகாந்தன் என்ன செய்தார்? அந்த அம்மா அப்படிச் சொல்லாமல் கூச்சல் போட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து ஒரு முழு நாவலே எழுதிவிட்டார். அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 1977-இல் பீம்சிங் இயக்கத்தில் படமாகி, நடித்த லட்சுமிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எழுதியவரே தம் கதையை மாற்றி எழுதுகிறார் என்றால், எடுப்பவர் மாற்றுவதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் குழப்பத்தில் நான் இருந்தபோது, நம் துறை வகுப்பில் டிரான்ஸ்ஃபார்மர் பாடம் நடந்தது. எனக்குப் பளிச்சென்று பல்பு எரிந்தது!

யோசித்துப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரி காயில், செகண்டரி காயில் என்று இரண்டு. இரண்டுக்கும் நடுவே ஒயர் தொடர்பு கிடையாது. நடுவில் இருப்பது கண்ணுக்குத் தெரியாத காந்தப்பாயம் மட்டும்தான். புத்தகம் பிரைமரி, படம் செகண்டரி. தமிழ்ச்செல்வன் எழுதிய 'வெயிலோடு போய்' சில பக்கச் சிறுகதைதான். அதை 2008-இல் சசி 'பூ' என்று முழுப் படமாக எடுத்தார். அது ஸ்டெப்-அப்! ஐந்து பாகக் கதையை இரண்டு படத்தில் அடக்கியது ஸ்டெப்-டவுன்! நூறு சதவீதம் எஃபிஷியன்ஸி உள்ள டிரான்ஸ்ஃபார்மர் உலகத்தில் கிடையாது. அயர்ன் லாஸ், காப்பர் லாஸ் இருக்கத்தான் செய்யும். மணிமேகலை அப்படிப் போன லாஸ்தான். வோல்டேஜ் ஏறும், இறங்கும். ஆனால் எந்த டிரான்ஸ்ஃபார்மரிலும் மாறாதது ஒன்று உண்டு. ஃப்ரீக்வன்ஸி! அந்தப் பக்கம் 50 ஹெர்ட்ஸ் என்றால் இந்தப் பக்கமும் 50 ஹெர்ட்ஸ்தான். கதையின் துடிப்பு மாறாமல் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தால் அது நல்ல படம். அது வராவிட்டால் வரிக்கு வரி எடுத்தாலும் ஒன்றுமில்லை.

நல்ல உவமை கிடைத்துவிட்டது என்று எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த உவமையையும் சோதித்துப் பார்க்கும் ஒரு புத்தகம் எனக்காகக் காத்திருந்தது.

* * *

எங்கள் ஊர் தென்காசிப் பக்கம். அப்பா பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். எங்கள் தெருவில் அநேகமாக எல்லாப் பெண்களுமே பீடி சுற்றுகிறவர்கள்தான். மடியில் சொளவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, விரல்கள் தன்னால் ஓடும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், 'பொண்ணு பீடி சுத்துமா?' என்று கேட்கிற வழக்கம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. அதனால் எனக்கும் பன்னிரண்டு வயதிலேயே அம்மா பழக்க ஆரம்பித்தார். தப்பு சொல்ல முடியாது. தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைத்தானே பிள்ளைக்குச் சொல்லித் தர முடியும்?

அப்போது நான் ஏழாம் வகுப்பு. 2019, ஆயுத பூஜை லீவு. அப்பா எங்களை 'அசுரன்' படத்துக்குக் கூட்டிப்போனார். வெற்றிமாறன் இயக்கி தனுஷ் நடித்த படம். உங்களில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். படத்தின் முடிவில் தகப்பன் மகனிடம், எதைப் பிடுங்கினாலும் படிப்பை மட்டும் யாராலும் பிடுங்க முடியாது என்கிற பொருளில் பேசுவாரே, அந்த இடத்தில் தியேட்டரே கை தட்டியது. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் கை தட்டவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்.

"இனிமே அவ மடியில சொளவை வைக்காத. அவ படிக்கட்டும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கமெல்லாம் அப்பாவுக்கு வராது. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அம்மா மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒரு சினிமாவின் ஒரு வசனத்தால் நம் கல்லூரிக்கு வந்தவள் என்று என்னைச் சொன்னால் அதில் பொய் இல்லை.

இரண்டாமாண்டில் ஒரு நாள் அந்த 'பொது' ரேக்கில் மெலிசான ஒரு புத்தகம் கையில் தட்டுப்பட்டது. 'வெக்கை'. பூமணி எழுதியது. 1982-இல் வந்த நாவல். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். 'அசுரன்' படத்துக்கு மூலக்கதை இதுதான் என்று தெரிந்ததும் எனக்குக் கை நடுங்கியது. அப்பா அழுத இடத்தை அச்சில் பார்க்கப்போகிறேன்!

அன்றைக்கு ராத்திரியே படித்து முடித்தேன். பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டுவதில் கதை ஆரம்பிக்கிறது. பிறகு தகப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். கிடைத்ததைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பேசுகிறார்கள். தூங்குகிறார்கள். விழிக்கிறார்கள். ஒரு வாரத்துக் கதை. கடைசியில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். முடிந்தது.

அந்த வசனம்?

திரும்பப் புரட்டினேன். கடைசி அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன். நடுவில் எங்காவது விட்டுவிட்டேனோ என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். இல்லை. படிப்பைப் பற்றிய அந்தப் பேச்சு நாவலில் இல்லவே இல்லை. அது படத்துக்காக எழுதிச் சேர்த்தது.

நண்பர்களே, உண்மையைச் சொல்கிறேன். ஏமாந்து போனவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட வார்த்தை, மூலத்திலேயே இல்லாத வார்த்தை! 'புத்தகம்தான் அசல், படம் நகல்' என்று கேன்டீனில் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தவள் நான். அப்படிப் பார்த்தால் நானே நகலில் முளைத்தவள்தானே? என் டிரான்ஸ்ஃபார்மர் உவமையும் புகைந்துபோயிற்று. பிரைமரியில் இல்லாதது செகண்டரியில் எப்படி வரும்? அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. புத்தகம் என் பைக்குள்ளேயே ஒரு வாரம் கிடந்தது.

* * *

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் டி.வி. சீரியலைப் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள்! கண் முழுக்க சொளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் இலை வீணாகிவிடும். தூளும் இலையும் கணக்காகத்தான் தருவார்கள், ஆயிரம் பீடி எண்ணிக் கொடுத்தாக வேண்டும். அதனால் டி.வி. தன்பாட்டுக்கு ஓடும், இவர்கள் காதால் கதை பிடிப்பார்கள். யாராவது அழுதால் மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா, எதிர்வீட்டு அத்தை, மூலைவீட்டு ஆச்சி மூவரும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சீரியல் இல்லாமல் சலிப்பு. "ஏளா, எந்நேரமும் புக்கும் கையுமா இருக்கியே, எங்களுக்கும் வாசிச்சுக் காட்டேன்" என்றார் ஆச்சி கேலியாக. நான் சீரியஸாகவே எடுத்துக்கொண்டேன். 'வெயிலோடு போய்' கதையை வாசித்தேன். 'பூ' படத்தை மூவரும் டி.வி.யில் பார்த்தவர்கள்தான். கதை முடிந்ததும் ஆச்சி கேட்டார்:

"அம்புட்டுப் பெரிய படத்துக்கு வெதை இம்புட்டூண்டுதானா?"

நான் ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டதை, பள்ளிக்கூடமே போகாத ஆச்சி ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார். விதை! டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் எதற்கு? விதையில் இல்லாத இலையும் பூவும் மரத்தில் எப்படி வந்தன என்று யாராவது கேட்கிறோமா? மண் வேறு, மழை வேறு, வளர்த்த கை வேறு. ஆனாலும் வேப்பங்கொட்டையில் புளியமரம் முளைப்பதில்லை!

அடுத்த ஞாயிறு 'வெக்கை'யை எடுத்தேன். மூன்று வாரம் ஓடியது. கரிசல் பேச்சு எங்கள் பேச்சிலிருந்து கொஞ்சம் வேறு என்றாலும், புரியாத சொல்லை ஆச்சியே எனக்கு விளக்கிச் சொன்னார். எந்தச் செடி, எந்த மீன், எந்தப் பாறை என்று வரும்போதெல்லாம் சுற்றுகிற கை ஒரு நொடி நிற்கும். இரண்டாம் வாரம் தெருவிலிருந்து இன்னும் இரண்டு சொளவுகள் வந்து சேர்ந்தன. மூன்றாம் வாரம் அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்து, குளிக்காமல்கூட வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். படத்தில் பார்த்த கதைதானே என்று எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை.

கடைசிப் பக்கம் முடிந்தது. புத்தகத்தை மூடினேன்.

"அம்புட்டுதானா?" என்றார் அப்பா.

"அம்புட்டுதாம்பா."

"படிப்பைப் பத்திச் சொல்லுவானே... அது?"

நான் பயந்த கேள்வி வந்துவிட்டது. "அது புக்குல இல்லப்பா. படத்துக்குன்னு சேத்தது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்: "எழுதுனவரு, கோர்ட்டுக்குப் போற வழியில கொண்டாந்து நம்மளை விட்டுட்டாரு. அதுக்கு மேல அந்தப் பய என்ன ஆவான்னு கேக்கத் தோணும்லா? படம் எடுத்தவருக்கும் தோணிருக்கும். ஒரு தகப்பன் அந்த எடத்துல வேற என்னத்தைச் சொல்லுவான்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா அதுவரை தலை நிமிரவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:

"படத்துல எனக்கு வெட்டுதான் நெனப்பிருக்கு. இதுல சோறு பொங்குததுதான் நெனப்பு நிக்கிது. பெத்தவன் காட்டுக்குள்ள கெடந்து புள்ளைக்குச் சோறு பொங்குதான் பாரு... அதைச் சொன்னாரே எழுதுனவரு, அது போதும்."

ஒரே கதைக்கு ஒரே திண்ணையில் இரண்டு விமர்சனம்! எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா படத்தின் பக்கம் நின்றார். மூன்றாம் வகுப்புப் படித்த அம்மா புத்தகத்தின் பக்கம் நின்றார். இரண்டு பேருமே சரியாகத்தான் சொன்னார்கள். எனக்கும் என் பெற்றோருக்கும் நடுவே புத்தகம் ஒரு சுவராக எழும்பிக்கொண்டிருப்பதாக உள்ளுக்குள் ஒரு பயம் எனக்கு இருந்தது. நான் படிக்கப் படிக்க அவர்களுடன் பேச விஷயம் குறைந்துகொண்டே வந்ததும் உண்மை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்திருக்கும் உங்களில் பலருக்கு இது புரியும். அந்தச் சுவரில் அன்றைக்குத்தான் ஒரு வாசல் திறந்தது. அப்பா அந்த வாசலுக்கு சினிமா வழியாக வந்தார். நான் புத்தகம் வழியாக வந்தேன்.

இப்போது என் தோழிக்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

படம் நமக்கு ஒரு முகத்தைக் கொடுக்கிறது. தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் அதே முகம்தான். அதனால்தான் ஐநூறு பேரும் ஒரே நேரத்தில் அழ முடிகிறது. அது சின்ன விஷயமில்லை. எழுத்துத் தெரியாத ஒரு மனிதரைத் தொட்டு, அவர் மகளின் மடியிலிருந்து சொளவை எடுத்துவைக்கச் சொல்லும் சக்தி அதற்கு இருக்கிறது. புத்தகம் அப்படி இல்லை. அது முகத்தை நம்மையே வரைந்துகொள்ளச் சொல்கிறது. சத்தத்தையும் வெயிலையும் வாசனையையும் நாம்தான் போட வேண்டும். பாதி வேலை நம்முடையது. அதனால்தான் பலர் இரண்டாம் பாகத்தோடு இறங்கிவிடுகிறார்கள். ஆனால் நாமே செய்த அந்தப் பாதி நமக்குச் சொந்தமாகிவிடுகிறது. கரண்ட் போனாலும் அது போகாது!

ஆகவே தோழி, படமா புத்தகமா என்று கேட்காதே. படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வா. புத்தகத்தைப் படித்துவிட்டு மறுபடி படத்துக்குப் போ. எதை விட்டார்கள், எதைச் சேர்த்தார்கள், ஏன் சேர்த்தார்கள் என்று கேள். அந்த 'ஏன்'தான் நமக்கு லாபம்.

நண்பர்களுக்கு ஒரு சின்ன யோசனை. படம் ஆரம்பிக்கும்போது பெயர்கள் ஓடுமே, அப்போது நாம் பாப்கார்ன் வாங்கப் போகாமல் கொஞ்சம் கவனித்தால் சில படங்களில் மூலக்கதை என்று ஒரு பெயர் வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒரு பழைய ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருப்பதில் சில:

'சொல்ல மறந்த கதை' (2002). நாஞ்சில்நாடன் எழுதிய 'தலைகீழ் விகிதங்கள்'.

'பரதேசி' (2013). தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று வந்த நாவல்.

'விசாரணை' (2016). மு.சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்'. அவர் கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டியவர்! தாம் போலீசில் பட்டதை அவரே எழுதினார். அந்தப் படம் 2015-இல் வெனிஸ் திரைப்பட விழா வரைக்கும் போனது. எழுதுவதற்குப் பெரிய பட்டம் வேண்டும் என்று நினைக்கும் டிப்ளமோ நண்பர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

'விடுதலை' (2023). ஜெயமோகனின் 'துணைவன்' என்ற சிறுகதை. இதுவும் ஆச்சி சொன்ன விதை ரகம்தான்.

நம் நூலகத்தில் இவை எல்லாம் இல்லை. இல்லாததைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வாங்கிப் போடுவார்கள் என்று நூலகர் சொன்னார். நான் ஒருத்தி எழுதிக் கொடுத்தால் அது ஒரு தாள். நாம் எல்லோரும் எழுதிக் கொடுத்தால்? அந்த ஜன்னலோர ரேக்குக்குப் பக்கத்தில் இன்னொரு ரேக் வந்தே தீரும். இன்னும் ஒன்று. 'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகத்தின் தாளில் என் முத்திரைக்குக் கீழே நிறைய இடம் காலியாக இருக்கிறது. மணிமேகலை காத்திருக்கிறாள், மறந்துவிடாதீர்கள்!

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. சொளவை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போகும்போது ஒன்றுதான் கேட்டார்.

"ஏட்டி, ஆச்சி வந்தாச்சு. இன்னைக்கு எந்தக் கதை?"

போக வேண்டும் நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமை. திண்ணை நிறைந்துவிட்டது.

— மூன்றாமாண்டு மாணவி,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை